துப்பாக்கி இருந்தும் பயமா? பேரழிவு உலக ஷூட்டர்களும் தீராத ஒரு கேள்வியும்

2010 மார்ச்சில் 'மெட்ரோ 2033' என்ற வீடியோ கேம் வெளிவந்தது. அணு ஆயுதப் போரில் மாஸ்கோ அழிந்துவிட்டது. தப்பிப் பிழைத்தவர்கள் இருபது ஆண்டுகளாகச் சுரங்க ரயில் நிலையங்களுக்குள் ஒடுங்கிக் கிடக்கிறார்கள். விளையாடுபவர் கையில் ரிவால்வர், ஷாட்கன், தானியங்கித் துப்பாக்கி எல்லாம் உண்டு. அதே ஆண்டு செப்டம்பரில் ஸ்வீடனின் ஃபிரிக்‌ஷனல் கேம்ஸ் நிறுவனம் 'அம்னீசியா: த டார்க் டிசென்ட்' கேமை வெளியிட்டது. அதில் ஆயுதமே கிடையாது. ஓடலாம், ஒளியலாம், அவ்வளவுதான்.

ஆறு மாத இடைவெளியில் வந்த இந்த இரண்டும் ஒரே கேள்விக்கு நேர் எதிரான பதில்களைச் சொன்னவை. கையில் துப்பாக்கி வைத்திருப்பவருக்குப் பயம் வருமா? வந்தாலும் எவ்வளவு நேரம் நிலைக்கும்?

பார்த்த மாத்திரத்தில் இது எளிய கேள்வி. சுடத் தெரிந்தவர் பயப்பட மாட்டார், பயப்படுபவர் சுட மாட்டார் என்று பிரித்துவிடலாம். ஆனால் சுமார் முப்பது ஆண்டுகளாக கேம் வடிவமைப்பாளர்களும் ஆய்வாளர்களும் இதைப் பிடித்துக்கொண்டு மல்லுக்கட்டுகிறார்கள். இதுவரை வந்த முக்கியமான பதில்கள் எவை, அவை எங்கிருந்து கிளம்பின, எங்கே சறுக்குகின்றன என்பதைப் பார்க்கலாம்.

பயத்தை ரசிப்பது என்ற பழைய புதிர்

துன்பம் தருவதை மனிதர்கள் ஏன் விரும்பிப் பார்க்கிறார்கள் என்ற கேள்வி கணினிக்கு வெகு காலம் முந்தியது. நேரில் கண்டால் முகம் சுளிக்க வைக்கும் பிணத்தையும் அருவருப்பான பிராணியையும் ஓவியத்தில் கண்டு மகிழ்கிறோமே என்று அரிஸ்டாட்டில் கவனித்தார். 1757இல் டேவிட் ஹியூம் துன்பியல் நாடகத்தின் இன்பத்தைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதினார். அதே ஆண்டு எட்மண்ட் பர்க், ஆபத்து தொலைவில் இருக்கும்வரை அச்சமும் ஒருவித மகிழ்ச்சியைத் தரக்கூடும் என்று வாதிட்டார். தமிழில் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், நகை முதல் உவகை வரையிலான எட்டில் அச்சத்துக்கும் ஓர் இடம் கொடுத்தது.

இருபதாம் நூற்றாண்டில் கேள்வி கூர்மையானது. திரையில் பாய்ந்து வரும் பச்சைக் கூழைப் பார்த்து நாற்காலியில் சுருண்டுகொள்பவர் உண்மையில் பயப்படுகிறாரா, அல்லது பயப்படுவதாக ஒரு பாவனைக்குள் இருக்கிறாரா என்று 1978இல் கெண்டல் வால்டன் கேட்டார். எழுந்து ஓடவில்லையே, அப்படியானால் அது முழுமையான பயம் அல்ல என்பது அவர் வாதத்தின் சாரம். 1990இல் நோயல் கேரல், திகில் கதையின் இன்பம் பயத்தில் இல்லை என்றார். இயற்கைக்கு ஒவ்வாத அந்தப் பிராணி என்னவாக இருக்கும் என்ற ஆர்வத்தில்தான் இன்பம். பயமும் அருவருப்பும் அதற்குக் கொடுக்கும் விலை.

இந்தச் சிந்தனைகள் எல்லாவற்றுக்கும் ஒரு பொதுக் குறை உண்டு. எல்லாமே பார்வையாளரைப் பற்றியவை. கேமில் இருப்பவரோ கை கட்டிப் பார்ப்பவர் அல்ல. வால்டனின் ரசிகர் எழுந்து ஓடுவதில்லை; கேம் விளையாடுபவர் ஓடுகிறார், திரும்பி நின்று சுடவும் செய்கிறார். 2000த்தை ஒட்டி டேனிஷ் ஆய்வாளர் டோர்பன் குரோடல் இந்த வேறுபாட்டை முன்வைத்தார். எதிரில் இருப்பதைச் சமாளிக்க முடியும் என்ற நம்பிக்கை எவ்வளவோ, அதைப் பொறுத்துத்தான் அதே காட்சி பயமாகவோ வீரமாகவோ மாறுகிறது என்பது அவர் கருத்து. 2002இல் டானியா கிரிஸ்வின்ஸ்கா, கட்டுப்பாடு கைக்கு வருவதும் நழுவுவதும் மாறி மாறி நிகழ்வதே திகில் கேமின் தனித்தன்மை என்று எழுதினார். துப்பாக்கி பற்றிய விவாதம் உண்மையில் இங்கேதான் தொடங்குகிறது. கட்டுப்பாட்டைக் கையில் கொடுக்கும் கருவிகளில் அதைவிட வலுவானது வேறில்லை.

முதல் பதில்: துப்பாக்கி இருக்கட்டும், தோட்டா வேண்டாம்

மிகப் பழைய பதில் பற்றாக்குறை. 1996இல் காப்காம் நிறுவனத்தில் ஷின்ஜி மிகாமி இயக்கத்தில் வந்த 'ரெசிடென்ட் ஈவில்', அதே நிறுவனத்தின் 1989ஆம் ஆண்டு 'ஸ்வீட் ஹோம்' கேமின் வாரிசு. சர்வைவல் ஹாரர் என்ற பெயரே 'ரெசிடென்ட் ஈவில்' மூலம்தான் பரவியது. அதில் துப்பாக்கி கிடைக்கும், தோட்டாதான் கிடைக்காது. கிறிஸ் பாத்திரத்தின் பையில் ஆறு பொருட்களுக்கு மட்டுமே இடம். சாவியை எடுப்பதா, மருந்தை எடுப்பதா என்று ஒவ்வொரு கதவிலும் யோசிக்க வேண்டும். ஆட்டத்தைச் சேமித்து வைப்பதற்குக்கூட மை நாடா தேவை. அதுவும் எண்ணிக்கைக்கு உட்பட்டது.

இந்த வாதத்தின்படி சுடுவது பயத்தைப் போக்குவதில்லை, தள்ளிப்போடுகிறது. இப்போது செலவழிக்கும் ஒரு தோட்டா பின்னால் வரும் அறையில் இல்லாமல் போகும். விசையை அழுத்தும் விரலுக்கு எதிர்காலத்தைப் பற்றிய கவலை ஒட்டிக்கொள்கிறது.

பலவீனமும் இங்கேயே இருக்கிறது. பற்றாக்குறை என்பது விதி; விதியைக் கற்றுக்கொள்ளலாம். இரண்டாம் முறை விளையாடுபவருக்கு எங்கே எத்தனை தோட்டா இருக்கும் என்பது மனப்பாடம். சேமிப்பதில் கெட்டிக்காரர்கள் கடைசிக் கட்டத்துக்குப் பை நிறையக் குண்டுகளோடு வந்து சேர்கிறார்கள். 2005இல் வந்த 'ரெசிடென்ட் ஈவில் 4' இதை வேறு விதமாகக் கையாண்டது. விளையாடுபவர் எவ்வளவு திணறுகிறார் என்பதை ரகசியமாக அளந்து, சிரமத்தைக் கூட்டியும் குறைத்தும் சமன் செய்தது. ஆனால் அந்தத் தந்திரம் தெரிந்துவிட்டால் அடியில் ஒரு வலை விரிக்கப்பட்டிருக்கிறது என்பதும் தெரிந்துவிடும். தொடரின் பின்வரவுகள் சண்டையின் பக்கமே சாய்ந்தன. 2012இன் ஆறாம் பாகம் திகிலைத் தொலைத்துவிட்டது என்று பரவலாகக் குறை சொல்லப்பட்டது. 2017இல் ஏழாம் பாகம் பெரும்பாலும் ஒரு பாழடைந்த வீட்டுக்குள் சுருங்கியது அதற்கான திருத்தமாகவே பார்க்கப்படுகிறது.

இரண்டாம் பதில்: துப்பாக்கியைப் பிடுங்கிவிடு

ஃபிரிக்‌ஷனல் நிறுவனம் எதிர்த் திசையில் போனதற்குச் சொந்த அனுபவம் காரணம். 2007இன் 'பெனும்ப்ரா: ஓவர்ச்சர்' கேமில் சுத்தியல் போன்ற ஆயுதங்கள் இருந்தன. வடிவமைப்பாளர்கள் அவற்றை வைத்தது கடைசிக் கட்டத் தற்காப்புக்கு. விளையாடியவர்களோ அவற்றைத் தூக்கிக்கொண்டு சண்டைக்கே கிளம்பினார்கள். அடுத்த ஆண்டு வந்த 'பிளாக் பிளேக்' பாகத்தில் சண்டை கைவிடப்பட்டது. அங்கிருந்து 'அம்னீசியா' ஓர் எட்டு தூரம்தான்.

அதில் இருட்டில் நின்றால் பாத்திரத்தின் மனநிலை தடுமாறும். வெளிச்சத்தில் நின்றால் பிராணி பார்த்துவிடும். பிராணியை உற்றுப் பார்ப்பதே ஆபத்து. கருவியைப் பறித்தால் கட்டுப்பாடு போகும், கட்டுப்பாடு போனால் பயம் தானாக வரும் என்ற இந்தக் கணக்கு நன்றாகவே பலித்தது. 2013இல் 'அவுட்லாஸ்ட்', 2014இல் 'ஏலியன்: ஐசொலேஷன்' என்று ஒரு வரிசையே உருவானது.

ஆனால் எந்நேரமும் ஒளிந்தே இருந்தால் அதுவும் பழகிவிடும். அலமாரிக்குள் நுழை, மூச்சைப் பிடி, காலடி ஓசை விலகியதும் வெளியே வா என்பது சில மணி நேரத்தில் வெறும் நடைமுறையாகிவிடுகிறது. ஒரே இடத்தில் நான்கு முறை பிடிபட்டால் பயம் போய் எரிச்சல் வருகிறது. 'அம்னீசியா'வை உருவாக்கியவர்களுக்கே இது தெரிந்திருந்தது. சில இடங்களில் விளையாடுபவர் இறந்த பிறகு அந்தப் பிராணியை இடம் மாற்றவோ நீக்கவோ செய்தார்கள். கேம் மறைமுகமாகத் தரும் சலுகை அது.

'ஏலியன்: ஐசொலேஷன்' இந்தப் பள்ளிக்குள் இருந்துகொண்டே ஒரு நடுவழியைத் தேடியது. வேற்றுக்கிரகப் பிராணியைக் கொல்ல முடியாது. பாதிக் கதைக்கு மேல் கையில் கிடைக்கும் தீ உமிழும் கருவியால் சற்று நேரம் விரட்டலாம். பிராணியின் நடத்தையை இரண்டு அடுக்குகள் தீர்மானிக்கின்றன. விளையாடுபவர் எங்கே இருக்கிறார் என்பது மேலடுக்குக்கு எப்போதும் தெரியும். அது பிராணிக்குத் தோராயமான துப்பு மட்டும் கொடுக்கும். மிச்சத்தைப் பிராணி தன் கண்ணாலும் காதாலும் தேடிக்கொள்ள வேண்டும். ஆயுதம் இருந்தும் நிம்மதி இல்லாத நிலையை இது உண்டாக்கியது. இரண்டாம் பதிலின் மிகச் சிறந்த எடுத்துக்காட்டாகச் சொல்லப்படும் கேமே அந்தப் பதிலைக் கொஞ்சம் மீறியிருக்கிறது என்பது கவனிக்கத்தக்கது.

மூன்றாம் பதில்: எப்போது சுடுகிறோம் என்பதே விஷயம்

ஆயுதத்தையும் தோட்டாவையும் தொடாமல் வெளிச்சத்திலும் நேரத்திலும் கை வைத்தவர்கள் மூன்றாம் அணி. இதன் மிகத் தெளிவான, மிகவும் கேலி செய்யப்பட்ட உதாரணம் 2004இன் 'டூம் 3'. செவ்வாய்க் கிரகத்தில் இருள் மண்டிய ஆய்வுக்கூடம். கையில் டார்ச் லைட் இருந்தால் துப்பாக்கி இருக்காது. துப்பாக்கியை எடுத்தால் டார்ச் உள்ளே போய்விடும். பார்ப்பதா, சுடுவதா, ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கலாம்.

மூலையில் ஏதோ உரசுகிறது. டார்ச்சைத் திருப்பினால் சுவரில் பல் தெரிகிறது. துப்பாக்கிக்கு மாறும் அந்த அரை நொடியில் வெளிச்சம் போய்விடுகிறது. கண் முன்னால் இருந்தது இப்போது எங்கே என்று தெரியாமலேயே சுட வேண்டும்.

சிலருக்கு இது அருமையான இறுக்கம். சிலருக்குச் சுத்த அபத்தம். டார்ச்சைத் துப்பாக்கியோடு ஒட்டிக்கொள்ள ஒரு துண்டு டேப்கூடவா செவ்வாய்க் கிரகத்தில் கிடைக்காது என்று கேட்டார்கள். கேம் வெளியான சில நாட்களிலேயே ரசிகர் ஒருவர் டேப்பின் பெயரிலேயே ஒரு திருத்தத்தை உருவாக்கித் துப்பாக்கியில் விளக்கை மாட்டிவிட்டார். 2012இன் மறுபதிப்பில் நிறுவனமே கவசத்தில் விளக்கைப் பொருத்திக் கொடுத்தது. அதனால் கேமின் திகில் குறைந்ததா, கோபம் மட்டும் குறைந்ததா என்ற வாக்குவாதம் இன்னும் ஓயவில்லை. ஒன்று மட்டும் தெளிவு. கதையின் உலகத்துக்குள் காரணம் சொல்ல முடியாத தடையை விளையாடுபவர்கள் பயத்தின் கணக்கில் எழுதுவதில்லை, வடிவமைப்பாளரின் கணக்கில் எழுதுகிறார்கள்.

நேரத்தை ஆளும் வழி இன்னும் நுட்பமானது. 1999இன் 'சைலன்ட் ஹில்' கேமில் பிராணி அருகில் வந்தால் பையில் இருக்கும் ரேடியோ இரையும். எச்சரிக்கை பயத்தைக் குறைக்காமல் நீட்டிக்கிறது என்று 2004இல் பெர்னார்ட் பெரோன் ஓர் ஆய்வில் சுட்டினார். 2008இல் வால்வ் வெளியிட்ட 'லெஃப்ட் 4 டெட்', விளையாடுபவர்களின் பதற்றம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று கணக்கிட்டு, உச்சத்தை எட்டியதும் எதிரிகளை நிறுத்தி மூச்சு விட இடம் கொடுத்தது. பிறகு மறுபடி அனுப்பியது. இந்த ஏற்ற இறக்கத்தைக் கவனித்துக்கொண்ட மென்பொருளுக்கு 'டைரக்டர்' என்றே பெயர்.

இதற்கு வரும் மறுப்பையும் ஒரு கேம் மூலமே சொல்லலாம். 2005இன் 'ஃபியர்' கேமில் ஆல்மா என்ற சிறுமியின் உருவம் வந்து போகும் நடைபாதைகள் குலை நடுங்க வைத்தன. சண்டைக் காட்சிகளோ காலத்தையே மெதுவாக்கி எதிரிகளைச் சிதறடிக்கும் வல்லமையைக் கையில் கொடுத்தன. பயமும் சண்டையும் அடுத்தடுத்த அறைகளில் குடியிருந்தன. ஒரே அறையில் சந்திக்கவே இல்லை என்பது விமர்சகர்கள் பலரின் முடிவு. தாளம் சரியாக அமைந்தாலும் சுடும் கணத்தில் பயம் இருந்ததா என்ற மூலக் கேள்வி அப்படியே நிற்கிறது.

நான்காம் பதில்: உலகமே எதிரி

பேரழிவுக்குப் பின்னான உலகம் இந்த விவாதத்துக்குள் தனி இடம் பெறுவது இங்கேதான். பற்றாக்குறை, இருட்டு, பழுதடையும் கருவி ஆகிய எல்லாவற்றுக்கும் அந்த உலகம் தானே காரணமாக அமைகிறது. தோட்டா ஏன் கிடைக்கவில்லை? தொழிற்சாலை இல்லை. விளக்கு ஏன் மங்குகிறது? மின்சாரம் இல்லை. 'டூம் 3'க்கு எதிராக எழுந்த டேப் கேள்வி இங்கே எழ வாய்ப்பு குறைவு.

இந்த மரபு உக்ரைனில் வேர்விட்டது. 2007 மார்ச்சில் கீவ் நகரின் ஜிஎஸ்சி கேம் வேர்ல்ட் வெளியிட்ட 'ஸ்டாக்கர்: ஷேடோ ஆஃப் செர்னோபில்', 1986 அணு உலை விபத்தில் கைவிடப்பட்ட மண்டலத்தைக் களமாக்கியது. ஸ்ட்ருகாட்ஸ்கி சகோதரர்களின் 1972ஆம் ஆண்டு நாவலும் அதிலிருந்து தார்கோவ்ஸ்கி எடுத்த 1979ஆம் ஆண்டுப் படமும் அதன் முன்னோடிகள். கண்ணுக்குப் புலப்படாத மரணப் பொறிகள் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க விளையாடுபவர் இரும்பு போல்ட்டை முன்னால் வீசிப் பார்த்து நடக்கிறார். துப்பாக்கிக்கும் அந்தப் பொறிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. கதிர்வீச்சைச் சுட முடியாது.

அந்தக் குழுவிலிருந்து பிரிந்தவர்கள் தொடங்கியதுதான் 4ஏ கேம்ஸ். திமித்ரி குளுகோவ்ஸ்கி முதலில் இணையத்தில் இலவசமாகப் படிக்கக் கொடுத்து, பின்னர் அச்சில் வந்த நாவலை அவர்கள் 'மெட்ரோ 2033' ஆக்கினார்கள். அதன் தொடக்கம் இந்தப் பள்ளியின் அணுகுமுறையை நன்றாகக் காட்டுகிறது. முதலில் கதையின் கடைசிக் கட்டத்தில் ஒரு துண்டு: பனி மூடிய மாஸ்கோ, ஆயுதம் தாங்கிய குழு, கும்பலாகப் பாயும் பிராணிகள். உடனே எட்டு நாள் பின்னால் போய்விடுகிறது. ஆர்த்யோம் என்ற இளைஞன் தன் நிலையத்தின் சிறு அறையில் கண் விழிக்கிறான். அதன் பிறகு சற்று நேரம் சண்டையே இல்லை. மருத்துவமனைப் படுக்கைகளைக் கடந்து, பேசிக்கொண்டிருக்கும் கூட்டத்தினூடே நடப்பதுதான் வேலை.

மேற்பரப்புக்குப் போகும்போது வாயு முகமூடி கட்டாயம். அதன் ஃபில்டர் எவ்வளவு நேரம் தாங்கும் என்பதை மணிக்கட்டுக் கடிகாரம் சொல்லும். ஃபில்டர் தீரத் தீர மூச்சு இரையும்; அடிபட்டால் முகமூடிக் கண்ணாடி விரிசல் விடும். இறந்து கிடப்பவரின் முகத்திலிருந்து வேறு முகமூடி எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கும். தலைவிளக்கு மங்கினால் கையால் அழுத்தி மின்னேற்றும் கருவியை வெளியே எடுக்க வேண்டும். அந்நேரம் துப்பாக்கி கையில் இருக்காது. 'டூம் 3' கேலிக்கு ஆளான அதே தேர்வுதான். இங்கே அதை ஏற்றுக்கொண்டார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலான ஏற்பாடு நாணயம். போருக்கு முன் ராணுவத்துக்குத் தயாரான தரமான தோட்டாக்கள்தான் அந்த நிலையங்களில் பணம். சுரங்கத்தில் தயாராகும் மட்டத் தோட்டா சுடுவதற்கு. நல்ல தோட்டா கடைக்காரரிடம் கொடுப்பதற்கு. நெருக்கடியில் நல்லதையும் சுடலாம். அடி பலமாக விழும், கையிருப்பு கரையும். மாதக் கடைசியில் பர்ஸைத் திறந்து பார்ப்பவரின் தயக்கம் விசையை அழுத்தும் விரலுக்கு வந்துவிடுகிறது.

இந்த உலகத்தில் பயம் ஒரே இடத்திலிருந்து வருவதில்லை. அச்சத்துக்கு அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என நான்கு நிலைக்களன்களைத் தொல்காப்பியம் வகுக்கிறது. அதற்கும் இந்த கேமுக்கும் தொடர்பு ஏதுமில்லை என்றாலும் பகுப்பு உதவியாக இருக்கிறது. மனதுக்குள் புகும் கருநிற உருவங்கள், உருமாறிய பிராணிகள், கொள்ளையர்கள், சுரங்கத்தின் ஒரு பகுதியை ஆளும் கம்யூனிஸ்ட்டுகளும் நாஜிகளும் என நான்கு வகையும் 'மெட்ரோ 2033'இல் உண்டு. ஆர்த்யோமுக்கு அந்த ஆட்சியாளர்கள் சொந்த அரசர்கள் அல்ல என்பதால் நான்காவது முழுதாகப் பொருந்தாது. ஆனாலும் துப்பாக்கி எதற்கு எதிராகச் செல்லுபடியாகிறது என்று பார்த்தால் வேறுபாடு துலங்குகிறது. விலங்குக்கும் கள்வருக்கும் அது பதில். அணங்குக்கு அது பதிலே அல்ல. வழிநெடுகத் தயவு காட்டியும் கவனித்துக் கேட்டும் வந்தவருக்கு இறுதியில் அந்தக் கருநிற உருவங்கள் மீதான ஏவுகணைத் தாக்குதலைத் தடுக்கும் வாய்ப்பு கிடைக்கிறது. அந்த உருவங்களைச் சுட்டதே தவறாக இருக்கலாம் என்ற எண்ணம் அப்போதுதான் முழு வடிவம் பெறுகிறது.

இந்தப் பள்ளிக்கும் குறைகள் இல்லாமல் இல்லை. மனித எதிரிகளோடு நடக்கும் மோதல்களில் அவர்களின் அறிவு சீராக வேலை செய்யவில்லை என்ற புகார் 2010லேயே இருந்தது. பயம் அங்கேதான் அதிகம் தளர்ந்தது. திரையிலிருந்து குறியீடுகளை அகற்றிக் கடினமாக்கும் 'ரேஞ்சர்' முறை, 2013இன் 'மெட்ரோ: லாஸ்ட் லைட்' கேமில் முன்பதிவு செய்தவர்களுக்கு இலவசமாகவும் மற்றவர்களுக்குக் காசுக்கும் கொடுக்கப்பட்டு எதிர்ப்பைச் சந்தித்தது. உலகத்தின் கடுமையே பயத்துக்கு ஊற்று என்றால், அந்தக் கடுமையைத் தனியாக விலைக்கு விற்க முடிந்தது எப்படி? 2019இன் 'மெட்ரோ எக்ஸோடஸ்' சுரங்கத்தை விட்டுத் திறந்த வெளிக்குப் போனது. தோட்டா நாணயமும் போய், கிடைத்த பொருட்களைக் கொண்டு தேவையானதைச் செய்துகொள்ளும் முறை வந்தது. கேம் விரிந்தது, நெருக்கம் குறைந்தது என்று கருதுவோர் உண்டு.

முதல் மணி நேரத்தின் சாட்சியம்

நான்கு பதில்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு பொதுக் கூறு தெரிகிறது. ஒவ்வொன்றும் தனக்குச் சாதகமாக முன்வைக்கும் காட்சிகள் பெரும்பாலும் கேமின் தொடக்கத்தைச் சேர்ந்தவை. 'ரெசிடென்ட் ஈவில்' என்றால் தலையைத் திருப்பிப் பார்க்கும் முதல் பிணம். 'மெட்ரோ' என்றால் ரீகா நிலையத்துக்குப் போகும் தள்ளுவண்டிப் பயணம். வெளியீட்டுக்கு முன் பத்திரிகைகளுக்குக் காட்டப்படுவதும் அநேகமாகச் சிறு பகுதிதான். முதல் அபிப்பிராயம் அங்கே உருவாகி, முழு கேமின் பெயராக நிலைத்துவிடுகிறது.

முதல் அபிப்பிராயத்தை ஒதுக்கிவிட முடியாது. விதிகள் தெரியாத நேரத்தில்தான் பயம் முழு வலுவோடு இருக்கிறது. அதுவும் அனுபவத்தின் ஒரு பகுதி. ஆனால் துப்பாக்கி பயத்தைக் கொல்லுமா என்ற கேள்விக்கு அது பலவீனமான சாட்சி. முதல் மணி நேரத்தில் துப்பாக்கியைக் கையாளவே யாருக்கும் சரியாகத் தெரியாது. 'ஸ்டாக்கர்' தொடக்கத்தில் கொடுக்கும் மக்காரோவ் கைத்துப்பாக்கி குறி தப்பிக்கொண்டே இருக்கும். பத்து மணி நேரம் கழித்து நல்ல ஆயுதமும் கவசமும் சேர்ந்த பிறகு அதே மண்டலம் வேட்டைக்காடாகிவிடுகிறது. ஆயுதம் மாறியதா, ஆள் தேர்ந்துவிட்டாரா, இடம் பழகிவிட்டதா என்று பிரித்துச் சொல்வது கடினம்.

ஆய்வகத்துக்கு வெளியே கிடைத்த ஒரு சான்று இங்கே பயன்படலாம். 2020இல் வெளியான டென்மார்க் ஆய்வு ஒன்று, ஒரு பேய் வீட்டுக் கேளிக்கைக்கு வந்த 110 பேருக்கு இதயத் துடிப்பு அளக்கும் கருவியைப் பொருத்திப் பார்த்தது. பயம் மிகக் குறைவாக இருந்தாலும் மிக அதிகமாக இருந்தாலும் மகிழ்ச்சி குறைந்தது. நடுவில் ஏதோ ஒரு புள்ளியில் உச்சம் இருந்தது. இது கேம் பற்றிய ஆய்வு அல்ல. குறுகிய நேர அனுபவத்தைத்தான் அளந்தது. ஆனாலும் இதை வைத்து ஓர் ஊகம் செய்யலாம். துப்பாக்கி பயத்தை ஒழிக்கும் கருவியாக இல்லாமல், தாங்கக்கூடிய அளவுக்கு இறக்கிவைக்கும் கருவியாக இருக்கக்கூடும். அப்படியானால் நிராயுதபாணி கேம் சிலருக்கு அந்தப் புள்ளியைத் தாண்டிப் போய்விடும். ஷூட்டர் வேறு சிலருக்கு அதை எட்டவே எட்டாது.

போர் நிஜமானபோது

2022 பிப்ரவரியில் உக்ரைன் மீது ரஷ்யா முழு அளவில் படையெடுத்தபோது இந்த கேம்களின் பின்னணி புனைவாக மட்டும் இருக்கவில்லை. கீவ் மக்கள் சுரங்க ரயில் நிலையங்களில் தஞ்சம் புகுந்தார்கள். ஜிஎஸ்சி நிறுவனத்தின் ஊழியர்களில் ஒரு பகுதியினர் பிராக் நகருக்கு இடம்பெயர்ந்து வேலையைத் தொடர, 'ஸ்டாக்கர் 2' 2024 நவம்பரில் வெளிவந்தது. போரைக் கண்டித்த குளுகோவ்ஸ்கிக்கு, அவர் நாட்டில் இல்லாத நிலையிலேயே, 2023இல் ரஷ்ய நீதிமன்றம் எட்டு ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது.

ஆபத்து தொலைவில் இருந்தால்தான் அச்சம் இனிக்கும் என்ற பர்க்கின் நிபந்தனை இங்கே சோதனைக்கு உள்ளாகிறது. தொலைவு குறைந்தால் இதே கேம்களைத் தாங்க முடியாமல் போகுமா, அல்லது கட்டுப்பாடு கையில் இருக்கும் ஒரே இடமாக அவை மாறுமா? இரண்டுக்கும் வாய்ப்பு உண்டு. விளையாடுபவர் எந்த ஊரில் உட்கார்ந்திருக்கிறார் என்பதை மேற்கண்ட நான்கு பதில்களில் எதுவும் கணக்கில் எடுக்கவில்லை.

தீர்ந்தவையும் தீராதவையும்

துப்பாக்கி இருந்தால் பயம் இருக்காது என்ற நேர்க்கோட்டு வாதம் இன்று நிற்காது. 'மெட்ரோ 2033'உம் 'ஏலியன்: ஐசொலேஷ'னும் அதற்குப் போதிய எதிர்ச் சான்றுகள். ஆயுதம் இல்லாவிட்டால் பயம் உறுதி என்பதும் அதே அளவுக்குச் சந்தேகத்துக்குரியது. சுடுவதற்கு என்ன விலை, அந்த விலைக்குக் கதையின் உலகம் காரணம் சொல்கிறதா என்ற இரண்டும் ஆயுதம் இருப்பதைவிட முக்கியம் என்று ஓரளவு நம்பிக்கையோடு சொல்லலாம். பேரழிவு உலகத்துக்கு இதில் கிடைக்கும் அனுகூலமும் அந்தக் காரணத்தை எளிதாகத் தருவதுதான்.

தீராதவை மூன்று. முதலாவது, காலம். பயம் எட்டாவது மணி நேரத்திலும் பிழைக்குமா என்பதற்கு நம்பகமான அளவீடு தேவை. தொடக்கக் காட்சிகளை வைத்து நடக்கும் விவாதம் அதைத் தராது. இரண்டாவது, பயத்தின் வகை. பிராணி மீதான பயத்தைத் துப்பாக்கி குறைப்பதற்கும், மூச்சுக் காற்று தீர்ந்துவிடுமோ என்ற பயத்தை அது தொடவே முடியாததற்கும் இடையிலான வேறுபாட்டை ஆய்வுகள் இன்னும் தெளிவாகப் பிரிக்கவில்லை. மூன்றாவது, ஆள். ஒருவருக்கு இறுக்கமாக இருப்பது இன்னொருவருக்கு எரிச்சல் என்பதை 'டூம் 3' விவாதமே காட்டியது; இருவரையும் ஒரே கேமால் பயமுறுத்த முடியுமா என்பதற்கு, சிரமத்தைத் தானாக மாற்றும் மென்பொருட்கள் பாதி விடையைத்தான் தந்திருக்கின்றன. நான்கு பதில்களில் கடைசியானது இப்போதைக்கு வலுவாகத் தெரிந்தாலும், அதன் சிறந்த எடுத்துக்காட்டுகள் கீவ் என்ற ஒரே நகரத்தில் தொடங்கிய இரண்டு நிறுவனங்களிலிருந்து வந்தவை. வேறு கைகளில், வேறு வகைப் பேரழிவுகளில் அது எவ்வளவு தூரம் செல்லும் என்பதைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.